பொன்மீன்களும் பண்டத்தரிப்புக்கு வரும்

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கலியாண வேலைகளையும், இடமாற்றம் வாங்கிக்கொண்டு பண்டத்தரிப்பில் பெண்வீட்டோடு குடியிருக்க வருவதையும் பற்றி நீ எழுதியிருந்ததையெல்லாம் வாசித்தேன். இரண்டாம் தரம், கடைசியில் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன். "மீன் தொட்டியை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ அம்மா, அங்கை கொண்டுபோறது சரிவராது." கொடுக்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குக் காரணம் காட்டுவதற்காக எழுதுவது. நான் இருப்பது தொட்டிக்குப் பக்கத்து வாங்குப் பலகையில். மிஞ்சியிருக்கும் மூன்று பொன்மீன்களும் நான் பேனையை அசைக்கும்போதெல்லாம் தீனி வருகிறதென்று கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நீ மட்டக்களப்பில் படிப்பிக்கப் போன நாளிலிருந்து இவை என்னை அப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் மூன்றும் அந்தப் பக்கம் திரும்புவதாக எனக்கு ஒரு எண்ணம். உன் ஐயா அதை நம்புவதில்லை.

தரகர் உனக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். அதே கதையை இதே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எங்களுக்கும் சொன்னார். "பெண்ணின்ரை தகப்பன் கேட்டவர், மாப்பிள்ளை மீனோடை மட்டும் வாறாரோ, வலையும் கொண்டு வாறாரோ எண்டு. பகிடிக்குத்தான், வேறை ஒண்டுமில்லை." ஐயா சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "கலியாணத்துக்கு முதலே பகிடி துவங்கியாச்சு. நல்ல சம்பந்தந்தான்" என்றார்.  அந்தப் பகிடிக்கு அடியில் என்ன கிடக்கிறதென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோட்டம் செய்கிறவர்களின் பிள்ளை கடற்கரைச் சனத்தின் சோலியைக் கையில் எடுத்துக்கொண்டு திரிகிறான் என்று இடிக்கிற பகிடி அது. அந்த இடி உனக்குப் பட்டிருக்கிறது. பட்டதனால்தான் அந்த வரி அவ்வளவு சின்னதாக வந்தது. நான் ஒன்று கேட்கிறேன். மீனைத் தின்னும்போது வராத வெட்கம் மீனை வளர்க்கும்போது ஏன் வரவேண்டும்?

இந்தத் தொட்டி எப்படி வந்ததென்று நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை என் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. நீ மானிப்பாய்க்குப் பள்ளிக்கூடம் போய்வந்த காலம். மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்சனில் வந்திருந்த ஒருவரின் வீட்டு விறாந்தையில் நீ சைக்கிளை நிறுத்திவிட்டு மணிக்கணக்காக மீன் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று ஊரெல்லாம் கதை. அவர் கொழும்புக்கு மகளிடம் போனபோது, விற்காமல் உனக்கே தந்துவிட்டுப் போனார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த அந்தத் தொட்டி வெறுமையாக மாட்டு வண்டிலில் வந்தது. மீன்கள் குடத்தில் வந்தன. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பித் தளும்பி வேட்டியெல்லாம் நனைந்து, எங்கள் சண்டிலிப்பாய்ச் சந்தியில் எல்லோரும் பார்க்க நீ வந்து இறங்கினாய். அன்றைக்கு உனக்கு வெட்கம் இருக்கவில்லை. மீனுக்கென்று ஒரு தகரப் பேணி நிறையத் தீனியும் கூட வந்தது, கப்பலில் வந்த சாமான், உலர்ந்த சருகுத் தூள்போல. அந்தப் பேணி முடிகிற நேரம் பார்த்துச் சண்டை மலாயாவுக்கே போய்விட்டது. கப்பலும் இல்லை, பேணியும் இல்லை. மனிதருக்கே கூப்பன் அரிசி. நீ வெறும் பேணியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு நின்ற நிற்பு என் கண்ணில் இன்னும் இருக்கிறது.

அன்று தொடங்கியதுதான் இந்த வீட்டில் பச்சைக்கும் அவித்ததற்கும் நடந்த வழக்கு. ஐயா பச்சைக் கட்சி. "குளத்து மீனுக்கு ஆர் குசினி கட்டிக் குடுத்தது? உள்ளதைப் பச்சையாப் போடு, தின்னும்" என்றார். கடற்கரைப் பக்கமிருந்து கடகத்தோடு வரும் மீன்காரியிடம் நீ ஒரு பிடி கூனி இறால் கேட்டாய். "என்ன தம்பி, மீனுக்கு மீன் வாங்கிறியளோ? இதுகளுக்கும் கலியாணம் பேசிக் குடுக்கட்டோ?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு இரண்டு பிடி போட்டாள். பச்சைக் கூனியை நறுக்கிப் போட்டோம். மீன்கள் பாய்ந்து விழுங்கின. ஐயாவின் முகத்தில் வெற்றி. பொழுதுபட, தின்னாமல் கல்லிடுக்கில் கிடந்த துண்டுகள் பஞ்சுபோல ஊதி, தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்து, விறாந்தையில் ஒருவரும் இருக்கமுடியாமல் போயிற்று. அடுத்து நான் அவித்த கட்சிக்குத் தலைவியானேன். மிஞ்சிய சோற்றைப் பிசைந்து போட்டேன். சோறு தண்ணீரை உறிஞ்சி வீங்கியது, அதைத் தின்ற மீனும் வீங்கியது, ஒன்று பக்கவாட்டில் சரிந்து நீந்தியது. "கூப்பன் அரிசியை மீனுக்குப் போட்டு அதுக்கும் வயித்துக் குத்தோ?" என்று ஐயா கேட்டார். 

நான் பள்ளிக்கூடத்தில் எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டு ரீச்சரைக் களைக்கவைத்த பெட்டை. கலியாணம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தது, அந்தப் பழக்கத்தை எடுக்கவில்லை. அதனால் நீ இரண்டு வெறும் போத்தல்களைக் கழுவி, ஒன்றில் பச்சைக் கூனியும் மற்றதில் அவித்த கூனியும் போட்டு யன்னலில் வைத்தபோது, இந்த வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்ததுபோல இருந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி மணந்து பார்த்தோம். பச்சை போட்டது அன்று மாலையே கலங்கியது. அவித்தது மறுநாள் காலையிலும் கண்ணாடியாகத்தான் இருந்தது. முளைக்கீரையைப் பச்சையாகப் போட்டால் அது மிதந்துகொண்டே கிடக்கும். கொதிநீரில் ஒரு முறை முக்கிப் போட்டால் துணிபோலத் துவண்டு, மீன் கவ்வி இழுக்கும். ஆனால் கிணற்றடித் தொட்டியில் நெளிகிற நுளம்புக் குடம்பி, பிறகு நுளம்பாகிப் பறந்து வந்து கடிக்கிற அந்தப் புழு, அது மட்டும் பச்சைதான், உயிரோடுதான். அதை அவித்தால் ஒரு மீனும் திரும்பிப் பாராது. உயிரோடு இருக்கிற வரைக்கும் அது தண்ணீரையும் கெடுக்காது. இதையெல்லாம் நீ கண்டுபிடித்தபோது உனக்கு இன்னும் மீசை சரியாக அரும்பவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

இனி ஒடியல் மாக் கதை. இதை நீ ஒருவருக்கும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். கூனியையும் கீரையையும் பிடித்து வைப்பதற்கு ஒரு மா வேண்டியிருந்தது. அரிசி மாவும் இல்லை, கோதுமை மாவும் இல்லை. கொட்டிலில் கடகம் நிறைய ஒடியல் இருந்தது. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்த ஒடியலை இடித்த மாவில் எவ்வளவு கசப்பு இருக்கிறதென்று இந்த யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்ததை இறுத்து, மறுபடி ஊறவிட்டு, கசப்பைப் போக்கிய பிறகுதான் நாங்கள் பிட்டே அவிக்கிறோம். மீனுக்கென்று வந்தபோது அந்த வேலையை ஏன் விட்டோம்? ஐயா சொன்னார், "தண்ணியிலைதானே போடப்போறம்? அங்கை கிடந்து ஊறட்டும்." கேட்டதும் எனக்கு அது மிகவும் புத்தியான பேச்சாகப் பட்டது. உனக்கும் பட்டது. மூன்று பேரும் தலையாட்டினோம். பச்சை மாவைக் கூனியோடு பிசைந்து, உருட்டி, தொட்டியில் போட்டோம். ஐயா சொன்னபடியே அது ஊறியது. அதிலிருந்த கசப்பு அவ்வளவும் போக வேறு இடமில்லாமல் தொட்டித் தண்ணீரில் இறங்கியது. நாங்கள் பிட்டுக்கு முன் இறுத்து ஊற்றுகிற தண்ணீருக்குள்ளே மீன்களை விட்டுவிட்டு, தின்னுதோ தின்னுதோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடியும்போது இரண்டு மீன்கள் மேலே மிதந்தன. நீ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவற்றைத் தேசிமரத்தடியில் தாட்டுவிட்டு வந்து, "மிச்சத்தையும் ஆருக்காவது குடுத்துவிடுங்கோ அம்மா" என்றாய். இப்போது எழுதியிருக்கிறாயே, அதே சொற்கள்.  அப்போது ஐயா செய்ததை நினைத்துப் பார். அவர் குசினிக்குள் போய், மிஞ்சியிருந்த அந்தப் பச்சை உருண்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. வேலிக்கரைக்கு ஓடிப்போய்த் துப்பினார். நெடுநேரம் துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உன் முன்னால் நின்று, "ஓமடா, பிழை என்னிலைதான். இனி மீனுக்குப் போடுறது எதெண்டாலும் முதல் நான் திண்டு பாக்கிறன்" என்றார். "ஐயா, நுளம்புக் குடம்பியுமோ?" என்று நீ கேட்டாய். அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்த பிறகுதான் உன் கண்ணில் தண்ணீர் வந்தது.

நீ அன்று அந்த மீன்களைக் கொடுத்திருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். கொடுக்காமல் புழுக்கொடியலை எடுத்தாய். அது கிழங்கை அவித்துக் காயவைத்தது. அதை இடித்து மாவாக்கினாய். அதையும் நம்பாமல் முதலில் போத்தலில் போட்டு நாள்கணக்காய் மணந்து, ருசித்துப் பார்த்தாய். பிறகு அவித்து இடித்த கூனி, கொதிநீரில் முக்கிய கீரை, முட்டை கிடைத்தால் அவித்த மஞ்சட்கரு, எல்லாம் பிசைந்து சின்ன நீத்துப்பெட்டியில் வைத்து ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்திப் பேணியில் போட்டாய். கூனியின் மச்சம், அதுதான் மீன் இறைச்சித் தீட்டு, படுகிறதென்று அதற்கு வேறு சட்டி வைத்து, ஒருவரும் மாறி எடுக்காமல் சுண்ணாம்பால் பொட்டு இட்டாய். வெள்ளிக்கிழமையில் வீட்டில் மச்சம் தொடுவதில்லை என்று மீனுக்கும் அன்று ஒன்றும் போடுவதில்லை. வெள்ளி விரதத்துக்குப் பிறகு மீன்கள் இன்னும் சுறுசுறுப்பாக இருப்பதை நீதான் கவனித்தாய். ஐயா அதைப் போகிற வருகிற எல்லோருக்கும் சொன்னார். "எங்கடை வீட்டு மீன் என்னைவிட ஒழுங்கா விரதம் இருக்குது."

இவ்வளவும் எழுதிவிட்டு, இதை வாழ்க்கைக்கு உவமையாக்கி நல்லதாக நாலு வரி சேர்க்கலாமென்று முயன்றேன். எந்தச் சொல்லைப் பச்சையாகச் சொல்வது, எதை அவித்து ஆறவைத்துச் சொல்வது என்று ஏதோ எழுதி ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மீன் தீனியை மீன் தீனியாவே எழுதும். பெடியனுக்கு விளங்கும்" என்றார். வெட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் வெட்டவில்லை. நான் கலியாணமாகி இந்தச் சீதன வீட்டுக்கு வந்தபோது என் புத்தகப் பெட்டியை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். பெண்பிள்ளை புத்தகத்தோடு போனால் உன் ஐயா என்ன நினைப்பாரோ என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒருவரும் வேண்டாமென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அதைக் கறையான் தின்றது. அந்தச் செய்தியை ஐயாவுக்குச் சொன்னபோது அவர், "கொண்டு வந்திருக்கலாமே. ஆர் வேண்டாமெண்டது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை இன்றைக்கும் குத்துகிறது. அது உன்னைக் குத்தக் கூடாது. வேண்டாமென்று அவர்கள் சொல்லட்டும். சொன்ன பிறகு பார்ப்போம். சொல்லாததை நீயே உனக்குச் சொல்லிக்கொள்ளாதே.

அதனால் நேற்று நான் பண்டத்தரிப்புக்குப் போய்விட்டேன். கோபிக்காதே. ஐயா வரமாட்டேன் என்று நின்று, பிறகு பஸ் ஏறும்போது கூடவே ஏறினார். உன் மாமியாராகப் போகிறவர் நல்ல மனுசி. முகத்துக்கு நேரே கதைக்கிறவர். நான் சுற்றி வளைக்காமல், "மச்சாள், தம்பி தொட்டியோடைதான் வருவான். உங்கடை எண்ணத்தைச் சொல்லுங்கோ" என்றேன்.

"எங்கடை வீட்டிலை மச்சம் அடுப்பேறுறதில்லை, மச்சாள். நான் விட்டு எத்தினையோ வருசம். இவர் சந்திக் கடையிலை தின்னுறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார், அது வேறை கதை."

உள்ளே உன் மாமனார் இருமினார். வலைக் கதை சொன்னவர் அதற்குப் பிறகு விறாந்தைப் பக்கம் வரவே இல்லை.

"அடுப்பு உங்கடை வீட்டிலை ஏறத் தேவையில்லை" என்றேன். "அவிக்கிறதெல்லாம் நான் சண்டிலிப்பாயிலை அவிச்சு, காயவிட்டு, பேணியிலை போட்டு அனுப்பிறன்."

"பேணிக்குள்ளை இருந்தாலும் மச்சம் மச்சந்தானே?"

"ஓம், மச்சந்தான். ஆனா அதுகள் வெள்ளிக்கிழமையிலை ஒண்டும் தின்னாதுகள். நாங்கள் பழக்கியிருக்கிறம்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், நான் பகிடி விடுகிறேனோ என்று. பிறகு ஐயாவைப் பார்த்தார். ஐயா கோவிலில் சத்தியம் பண்ணுகிறவர்போலத் தலையை ஆட்டினார். மச்சாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு, "கிணத்தடித் தாழ்வாரத்திலை வைச்சால் வையுங்கோ. பேணி குசினிப் பக்கம் வரப்படாது. வந்தால் தொட்டியோடை தூக்கி வேலிக்கு அங்காலை வைச்சிடுவன்" என்றார். இதைவிட நல்ல உத்தரவு வேறு என்ன வேண்டும்? பேணி குசினிப் பக்கம் போகாமல் பார்ப்பது உன் பொறுப்பு. அதில் ஒரு நாளும் தவறாதே. அவர் விட்டுத்தந்தது சின்ன விஷயமல்ல. அதை நீ சின்னதாக எடுத்தால் இனி எதையும் விட்டுத்தர மாட்டார். மாமனாரிடம் வலைக் கதைக்கு மறுமொழி சொல்லப் போகாதே. அவருக்குத் தேவையானது நேற்றே கிடைத்துவிட்டது.

நாங்கள் எழும்பி வாசலுக்கு வந்தபோது உனக்குப் பேசியிருக்கிற அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். கையில் ஒரு சிரட்டை. கிணற்றடித் தொட்டித் தண்ணீரை அதில் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். நிறைய நுளம்புக் குடம்பிகள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் நெளிந்துகொண்டும். தாயார் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு, "மாமி, இதை அதுகள் பச்சையாத் தின்னுமோ, இல்லாட்டி அவிச்சுத்தான் குடுக்கோணுமோ?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியும். ஐயாவுக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்தார், நான் அவருடைய கையைப் பிடித்து அமத்தினேன்.

கலியாணத்துக்கு அடுத்த நாள் காலையில் வண்டில்காரனை வரச் சொல்லியிருக்கிறேன். தொட்டி வைக்கோலுக்குள் வரும். மீன்கள் பித்தளைக் குடத்தில் என் மடியில் வரும். என் சேலை நனைந்தாலும் பரவாயில்லை. சந்தியில் எத்தனை பேர் பார்த்தாலும் பரவாயில்லை. நீ வண்டிலுக்கு முன்னே சைக்கிளில் போ. அவள் சிரட்டையோடு நிற்பாள். அவள் கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. நீ போய்ச் சொல்லு.

அம்மா